வில்லனுக்கு ஆழம் கொடுப்பது எப்படி? மிகுபுனைவு எழுதத் தொடங்குவோருக்குச் சில படிகள்

என் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலின் முதல் வரைவைப் படித்த ஆறு நண்பர்களுள் நால்வர் ஒரே குறையைச் சொன்னார்கள்: நாயகியைப் பற்றி வேண்டிய அளவு தெரிகிறது, மந்திரவாதியைப் பற்றித்தான் இன்னும் தெரிய வேண்டும். அந்தக் கோரிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டு எட்டு மாதங்களை வீணாக்கியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மிகுபுனைவில் கதையை நகர்த்துகிறவன் பெரும்பாலும் வில்லன்தான். படை திரட்டுபவனும் பழைய சாபத்தை எழுப்புபவனும் அவனே. நாயகர்கள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்நூறு பக்கங்கள் அவனுடைய செயலின் விளைவுகளுக்கு நடுவே வாழ்ந்த வாசகர், ‘ஏன் செய்தான்?’ என்று கேட்பதில் இரக்கம் குறைவு; கணக்கு நேராகவில்லையே என்ற உறுத்தல்தான் மிகுதி.

முதல் படி: அவனுடைய விருப்பத்தை அவன் வாயாலேயே எழுதுங்கள்

என் மந்திரவாதி மக்களின் நிழல்களை அறுத்தெடுப்பவன். நிழலை இழந்தவர்கள் தம் உறவினர்களின் முகங்களை மறந்துபோவார்கள். குறிப்பேட்டில் அவனை ‘அதிகாரவெறி பிடித்தவன்’ என்று எழுதிவைத்திருந்தேன். அவனையே பேசவிட்டபோது அது, ‘கடலை நகருக்குள் விடமாட்டேன்’ என்று மாறியது. அறுத்த நிழல்களைக் கொண்டுதான் அவன் கடற்சுவரைத் தாங்குகிறான். ஒரு வாக்கியம் போதும். அதில் தீமை, வெறி, பழி போன்ற சொற்கள் தலைகாட்டினால், பேசுவது நீங்கள்தான், அவனில்லை.

இந்த வேலைக்குக் கதாபாத்திர வினாப்படிவங்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிடித்த நிறத்தில் தொடங்கி நாற்பது கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகும் என் வில்லன் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுத்து மென்பொருள்களில் வரும் குறிப்பட்டைகளும் எனக்கு ஒத்துவரவில்லை. உள்ளங்கை அளவு காகித அட்டையும் பென்சிலும்தான் என் தேர்வு; இடம் குறைவாக இருப்பதால் சுருக்கமாக எழுதியே தீர வேண்டும்.

இரண்டாம் படி: திறந்திருந்த கதவைக் காட்டுங்கள்

நான் இடறி விழுந்தது இங்கேதான். ஆழம் என்றால் துயரமான இளமைப்பருவம் என்று நம்பி, பட்டினி, அடி, துரோகம் என முப்பது பக்கங்களுக்கு முன்கதை எழுதினேன். படித்தவர்கள் அவனுக்காக வருந்தினார்கள். ஆனால் அவன் வந்தால் அஞ்சுவதற்கு ஆளில்லாமல் போயிற்று. முன்கதை முழுவதிலும் அவனுக்கு ஏதேனும் நேர்ந்துகொண்டே இருந்ததே தவிர, அவனாக எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. அப்படிப்பட்ட வில்லன் மழைக்குப் பின் வரும் வெள்ளத்தைப் போன்றவன். வெள்ளத்தோடு யாரும் வழக்காடுவதில்லை.

வழி காட்டியது, டோல்கீனின் ‘தி டூ டவர்ஸ்’ (1954) நூலில் வரும் படிக்கட்டுக் காட்சி. தீய மோதிரம் ஒன்றை அழிக்கப் போகும் ஃப்ரோடோவுக்கும் அவன் துணைவன் சாமுக்கும் வழிகாட்டுபவன், அந்த மோதிரத்தை முன்பு வைத்திருந்து இழந்த கோல்லம். காட்டிக்கொடுக்கும் திட்டத்தோடு திரும்பும் அவன், இருவரும் உறங்குவதைக் கண்டு தயங்குகிறான். நடுங்கும் கையால் ஃப்ரோடோவின் முழங்காலை வருடுவதுபோலத் தொடுகிறான். விழித்துக்கொண்ட சாம் கடிந்து பேச, அந்தக் கணம் நழுவிவிடுகிறது. திறந்திருந்த அந்தக் கதவு வழியே அவன் திரும்பியிருக்கக்கூடும் என்று கண்ணால் கண்டுவிட்டதால்தான் பிறகு அவன் செய்யும் துரோகம் நம்மைத் தைக்கிறது.

முப்பது பக்கங்களையும் நீக்கிவிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சுவரில் விரிசல் கண்டிருக்கிறது. இருட்டுவதற்குள் ஒரு நிழல் வேண்டும். மேற்குச் சாளரத்தின் வெயிலில் மந்திரவாதியின் சொந்த நிழலே அறையின் மறுகோடி வரை நீண்டு கிடக்கிறது. அவன் குனிந்து, தன் குதிகாலருகே நிழல் தொடங்கும் இடத்தில் கத்தியை வைக்கிறான். வெயில் தரையில் ஓரடி நகரும்வரை அப்படியே இருக்கிறான். பிறகு எழுந்து, விளக்கேற்றும் சிறுவனைக் கூப்பிடுகிறான். ‘விளக்கை மெதுவாகக் கீழே வை, எண்ணெய் சிந்திவிடப் போகிறது’ என்கிறான். காட்சி அங்கேயே முடிகிறது. அவனுடைய இளமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆயினும் நண்பர்கள் மேலும் எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டு, அவனைப் பற்றித் தங்களுக்குள் சண்டையிடத் தொடங்கினார்கள்.

இக்காட்சியை எழுதும்போது, நல்ல வழியும் அவனால் உண்மையிலேயே போகக்கூடிய வழியாக இருக்கிறதா, அதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை வாசகருக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலையே இல்லையென்றால் அவன் வெறும் மூடன். வழியே இல்லையென்றால் மீண்டும் வெள்ளம்தான்.

மூன்றாம் படி: அவனிடம் அன்புள்ள ஒருவரைக் கொண்டுவாருங்கள்

கம்பனின் கும்பகருணனைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன், சீதையை விட்டுவிடும்படி அண்ணனுக்கு அறிவுரை சொல்கிறான். அது ஏற்கப்படாதபோது, முடிவு தெரிந்தே போருக்குப் போகிறான். வீடணன் நேரில் வந்து அழைத்தும் அணி மாற மறுக்கிறான். இராவணனின் குற்றத்தை அவன் பூசி மெழுகவில்லை. ஆனாலும், இத்தகையவன் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு அந்த அண்ணனிடம் ஏதோ இருந்திருக்கிறது என்று படிப்பவர் தாமே ஊகித்துக்கொள்கிறார். என் கதையில், மந்திரவாதியின் முறையை ஒப்புக்கொள்ளாமலே இருபது ஆண்டுகளாக அவனுக்காகக் கல் அடுக்கும் மூத்த கொத்தனார் ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தேன்.

நான்காம் படி: பின்னோக்கிச் சென்று திருத்துங்கள்

கதவுக் காட்சி அமைந்த பிறகு, முந்தைய அத்தியாயங்களில் அவன் வேறு யாரோபோலத் தெரிவான். டோல்கீனுக்கும் இது நேர்ந்தது. 1937இல் வெளிவந்த அவருடைய ‘தி ஹாபிட்’ முதற்பதிப்பில், நாயகன் பில்போவுடன் நடக்கும் விடுகதைப் போட்டியில் கோல்லம் மோதிரத்தைப் பந்தயப் பரிசாகத் தரச் சம்மதித்து, அது காணாமற்போனதும் மன்னிப்புக் கேட்டு, வெளியேறும் வழியைக் காட்டிவிட்டான். தொடர்நூலான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (‘தி டூ டவர்ஸ்’ அதன் ஒரு பகுதி) கதையில் மோதிரம் மனத்தையே பிடித்தாட்டும் பொருளாகிவிட்டதால் அந்தச் சாதுவான கோல்லம் பொருந்தவில்லை. 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அத்தியாயம் மாற்றப்பட்டது. அச்சாகி விற்பனையில் இருந்த நூலுக்கே அப்படியென்றால், நம் கைப்பிரதி எம்மாத்திரம்?

பின்சேர்க்கை: தம் கதையின் வில்லன் மனமே இல்லாத இருட்தெய்வம், அதற்கு எப்படிக் கதவு வைப்பது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வைக்க வேண்டியதில்லை. தெய்வத்தை எட்டாத தொலைவிலேயே விட்டுவிட்டு, அதன் ஊழியர்களுள் ஒருவருக்கு இக்காட்சியைக் கொடுங்கள். டோல்கீனிடமும் மோதிரத்தைச் செய்த இருளரசன் சௌரான் தொலைவிலேயே இருக்கிறான், தடுமாற்றமெல்லாம் கோல்லத்துக்குத்தான்.

மற்றொரு பின்சேர்க்கை: ஆழம் கூடிய வில்லன் நாயகியை விழுங்கிவிடுகிறான் என்ற புகார் நியாயமானது, எனக்கும் அது நேர்ந்தது. அவனுடைய பக்கங்களைக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் அந்தச் சிறுவனிடம் திரும்பிப் போனேன். இரண்டு அத்தியாயங்கள் கழித்து, அவன் தாய் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்கிறாள். அவன் விளக்கைச் சற்று உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘யாரைத் தேடுகிறீர்கள்?’ என்று மரியாதையாகக் கேட்கிறான். தெருவின் மறுபுறம் நின்று நாயகி அதைப் பார்க்கிறாள். அரைப் பக்கத்துக்கு மேல் அதற்குத் தேவைப்படவில்லை.