தலைப்புக்குப் போடோனி போடுவதற்கு முன்

கொழும்பில் விழா மலர், சஞ்சிகை, கல்யாண அழைப்பிதழ் எதைச் செய்யப் போனாலும் இப்போது எல்லோரும் கேட்பது 'வோக்' ஃபாஷன் சஞ்சிகையின் அட்டை மாதிரியான எழுத்துதான். நிமிர்ந்த கோடு தடிப்பாகவும் படுக்கைக் கோடு மயிரிழை மாதிரியும் இருக்கும் செரிஃப், அதாவது கோட்டின் நுனியில் சின்னக் கொடுக்கு வைத்த எழுத்து. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் ஃபிர்மான் டிடோவும் இத்தாலியின் பார்மாவில் போடோனியும் வெட்டிய எழுத்துகளின் வாரிசுகள் இவை. காகிதம் வழவழப்பாக வரத் தொடங்கிய காலம் என்பதால்தான் அந்த மயிரிழை அச்சில் நின்றது. ஆகவே எழுத்துருவைத் தேடுவதற்கு முன்னால் எந்தப் பேப்பர் என்று அச்சகத்தில் கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. ஒரு பாடசாலை மலருக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, 10 புள்ளி (பொயின்ட்) அளவில், டிடோ போட்டேன். திரையில் அவ்வளவு அழகு, அச்சாகி வந்தபோது மை பரவி மெல்லிய கோடெல்லாம் அடைபட்டு, 'e' எல்லாம் 'c' ஆகியிருந்தது. அதிபர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், அதுவே போதும்.

சரி, எப்படிச் செய்வது? இந்த வகை எழுத்தை 24 புள்ளிக்கு மேல், தலைப்புக்கும் பெரிய மேற்கோளுக்கும் மட்டும் வையுங்கள். உள்ளே ஓடும் கட்டுரைக்கு வேறு, சாதுவான செரிஃப். காசில்லாமல் வேண்டுமென்றால் கூகுள் ஃபொன்ட்ஸில் பிளேஃபேர் டிஸ்ப்ளே, போடோனி மோடா இரண்டும் உண்டு. பிளேஃபேரின் மெல்லிய கோடு அவ்வளவு மெலியாது, சாதாரண பேப்பருக்கு என் ஓட்டு அதற்குத்தான். போடோனி மோடாவில் ஒப்டிகல் சைஸ் வசதி இருக்கிறது, சின்ன அளவுக்கு வைத்தால் மெல்லிய கோடு கொஞ்சம் தடிக்கும். கறுப்பு எழுத்தை நான்கு வர்ணத்தில் கலக்காமல் தனிக் கறுப்பில் விடுங்கள், ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியாக இருக்கும் அச்சுத் தகடு மயிரளவு விலகினாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் நிறம் எட்டிப் பார்க்கும்.

தமிழ்த் தலைப்புதான் உண்மையான தலையிடி. பக்கத்தில் தமிழும் வந்தால் நோட்டோ செரிஃப் தமிழை எடுங்கள், மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை எல்லா எடையும் கிடைக்கும். அளவைப் பார்த்துப் பொருத்தாதீர்கள், இரண்டு மொழியிலும் தடித்த கோடு ஒரே தடிப்பில் தெரிகிறதா என்று பாருங்கள். தமிழை ஒரு பிடி சிறிதாக்க வேண்டி வரும். ஆங்கிலத் தலைப்பில் எழுத்துக்கெழுத்து இடைவெளி விட்டுப் பரப்பும் பழக்கத்தைத் தமிழில் காட்ட வேண்டாம், 'கொ' மூன்று துண்டாக நிற்கும். மேல்வரியின் 'நூ' வாலும் கீழ்வரியின் 'கீ' கொண்டையும் முட்டாமல் வரி இடைவெளியையும் கூட்டுங்கள். கட்டுரை பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்திருந்தால் முதலில் யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு மாற்றுங்கள், நோட்டோவுக்கு அதுதான் புரியும், இல்லையென்றால் இவ்வளவும் வீண்.

அப்புறம் அச்சகத்தில் "அண்ணே, அதே பேப்பரில் ஒரு பக்கம் மட்டும் அடித்துத் தாங்கோ" என்று கேளுங்கள். "அதெல்லாம் நல்லா வரும் தம்பி" என்பார்கள். விடாதீர்கள். கையில் வாங்கி, வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்து, 'e'யின் நடுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.