வாளெடுத்த சமையல்காரர்: எண்ணும் கதையும் சேர்ந்த முதல் கேரக்டர்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம். என் முதல் ஆட்டத்துக்கு ஏழு பக்கக் கதையோடு போனேன். என் மந்திரவாதிக்குத் தொலைந்துபோன தங்கை, ஊர்ப்பகை, பழைய சாபம் எல்லாம் இருந்தது. மந்திரத்துக்கு அடிப்படையான இன்டெலிஜென்ஸ் (அறிவு) மட்டும் 10. மூன்று வாரம் நான் ஏவிய மந்திரத்தில் பாதி காற்றில்தான் போனது. எதிரே இருந்த நண்பரின் ஃபைட்டரோ (போர்வீரர்) இரண்டு சுற்றில் ஓநாய்க் கூட்டத்தையே முடித்துவிடுவார். அந்த ஃபைட்டருக்குப் பெயர் வைக்கவே நண்பர் மறந்திருந்தார்.

கேரக்டரைப் பலமாக்க எண்களைக் கூர்தீட்டுகிறவருக்குக் கதை வராது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். இந்த நினைப்புக்கு ஆட்டக்காரர்கள் 'ஸ்டார்ம்விண்ட் ஃபாலசி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே ஷீட்டில் (கேரக்டரின் விவரத்தாள்) கொண்டுவர முடியும். 2024 விதிகளை வைத்து ஒரு கேரக்டரை உருவாக்கிப் பார்ப்போம்.

படி 1: ஒரே ஒரு வாக்கியம்

"படையில் சமைத்துக்கொண்டிருந்தவர், ஒரு முற்றுகையின்போது கரண்டியை வைத்துவிட்டு வாளெடுக்க வேண்டி வந்தது." இப்போதைக்கு இது போதும். வகுப்பு ஃபைட்டர், பின்னணி சோல்ஜர் என்று இதிலிருந்தே முடிவாகிவிடுகிறது. பெயர் நீங்களே வையுங்கள், மறக்காமல்.

படி 2: முக்கியமான எண்ணில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆறு திறன்களுக்குப் பிரித்துக்கொடுக்க 15, 14, 13, 12, 10, 8 என்ற தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 10 என்றால் மாடிஃபையர், அதாவது பகடையில் விழுவதோடு கூட்டும் எண், 0. அதற்கு மேல் இரண்டிரண்டு புள்ளிக்கு ஒன்று கூடும்: 12-க்கு +1, 14-க்கு +2, 16-க்கு +3.

வாள் வீச்சுக்கு ஸ்ட்ரெங்த் (உடல் வலு) வேண்டும். அதற்கு 15, அடி தாங்கும் உடலுறுதியான கான்ஸ்டிட்யூஷனுக்கு 14. சோல்ஜர் பின்னணி தரும் மூன்று புள்ளிகளில் இரண்டை ஸ்ட்ரெங்த்திலும் ஒன்றைக் கான்ஸ்டிட்யூஷனிலும் போட்டால் 17, 15.

இதனால் என்ன லாபம்? முதல் லெவலில் ஆயுதத் தேர்ச்சிக்கு +2, ஸ்ட்ரெங்த்துக்கு +3, மொத்தம் +5. எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட நாம் எட்ட வேண்டிய எண், 13 என்றால் இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 65 சதவீத வாய்ப்பு. ஸ்ட்ரெங்த் 15-லேயே நின்றிருந்தால் 60 சதவீதம். இந்த வித்தியாசம் இருபது வீச்சுக்கு ஒன்றுதான், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஸ்ட்ரெங்த் 10 என்றால் 50 சதவீதம். ஒரு சுற்று முடிந்து உங்கள் முறை வரப் பத்து நிமிடம்கூட ஆகும். அவ்வளவு நேரம் காத்திருந்து பாதி முறை 'படவில்லை' என்றே கேட்டால் எந்தக் கதையும் சலித்துப்போகும். என் மந்திரவாதிக்கு நேர்ந்தது அதுதான்.

படி 3: மிச்ச எண்கள் கதைக்கு

13, 12, 10, 8 மிச்சமிருக்கின்றன. 13-ஐ விஸ்டமில் (விவேகம்) போடு, காரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) ஃபைட்டருக்கு வீண் என்று யாராவது சொல்வார்கள். 12, 13 இரண்டுக்குமே மாடிஃபையர் +1தான்! ஆகவே காரிஸ்மாவுக்கு 13, விஸ்டமுக்கு 12 கொடுத்தால் இப்போதைக்கு எந்த நஷ்டமும் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர்களைப் பேசிச் சிரிக்க வைக்கிற சமையல்காரர் கிடைத்துவிட்டார். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 10 போதும். செயின் மெயில் (இரும்பு வளையக் கவசம்) அணிந்தால் ஆர்மர் கிளாஸ் 16, அதில் டெக்ஸ்டெரிட்டிக்கு வேலையே இல்லை.

8 போவது இன்டெலிஜென்ஸுக்கு. அதற்காக மேசையில் முட்டாளாக நடிக்காதீர்கள். −1 அவ்வளவு மோசமில்லை. இவர் வரைபடம் படிக்கத் தெரியாதவர், வாசனையை வைத்தே வழி சொல்கிறவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 4: ஃபீட்டை இப்போதே யோசியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 4-வது லெவலில் ஒரு ஃபீட், அதாவது ஒரு சிறப்புத் திறமை, கிடைக்கும். எண் கணக்குக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கனமான ஆயுதத்தின் அடியைக் கூட்டும் கிரேட் வெப்பன் மாஸ்டரை எடுப்பார்கள். நம்மவர் எடுப்பது ஷெஃப். அது கான்ஸ்டிட்யூஷனை ஒன்று கூட்டும். ஒற்றைப்படையாக நிற்கும் 15 இப்போது 16 ஆகி, மாடிஃபையர் +3 ஆகும். அதோடு, குறு ஓய்வில் இவர் சமைத்ததைச் சாப்பிட்டு, ஹிட் டைஸ் (குணமாவதற்கென்று உள்ள பகடைகள்) செலவழித்துக் குணமாகிறவர்களுக்குக் கூடுதலாக ஓர் எட்டு முகப் பகடை அளவு உயிர்ப்புள்ளி கிடைக்கும். ஆளுக்குச் சராசரி 4.5; நான்கு பேர் குழுவுக்கு 18. ஒன்றும் சொற்பமில்லை.

ஃபைட்டருக்கு 6-வது லெவலில் இன்னொரு ஃபீட் உண்டு. அப்போது கிரேட் வெப்பன் மாஸ்டரை எடுத்து ஸ்ட்ரெங்த்தை ஒன்று கூட்டினால், 17-ம் 18 ஆகிவிடும். கதைக்காக எடுத்த முடிவால் கணக்கு இரண்டே லெவல் தள்ளிப்போனது.

படி 5: மேசையைப் பாருங்கள்

எல்லோருமே கூர்தீட்டினால் தகராறில்லை, யாருமே தீட்டாவிட்டாலும் இல்லை. ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட மிக முன்னால் போகும்போதுதான் முகம் வாடும். அதனால் ஆட்டத்துக்கு முந்தைய பேச்சுக் கூட்டமான செஷன் ஜீரோவில், ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் கேளுங்கள்: சண்டை எவ்வளவு, பேச்சு எவ்வளவு, சாவு எவ்வளவு சுலபம்?

கணக்குப் போடுவதை விட முடியாதவரா? பரவாயில்லை, அடுத்த முறை தெய்வ மந்திரம் போடும் கிளெரிக் எடுங்கள். முதல் லெவல் மந்திரமான பிளெஸ் மூன்று பேரின் தாக்குதலிலும் தற்காப்பு வீச்சிலும் ஒரு நான்கு முகப் பகடையைச் சேர்க்கும். உங்கள் கணக்கு அடுத்தவரின் கையில் வெற்றியாக விழும். யாரும் முறைக்க மாட்டார்கள்.

அப்புறம், முதல் ஆட்டத்துக்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி: "என் சமையலை உன் கேரக்டர் எங்கே முதலில் சாப்பிட்டான்?" அவர் சொல்லும் பதிலை ஷீட்டின் பின்புறம் எழுதிவையுங்கள்.