செங்டு தேநீர்க்கூடத்தில் சீனச் சதுரங்கம்: முதல் ஆட்டத்துக்கான வழி

சீனாவின் சிச்சுவான் மாகாணம் செங்டுவின் மக்கள் பூங்காவில் 1923 முதல் இருக்கிறது ஹெமிங் தேநீர்க்கூடம். மூங்கில் நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து சியாங்சி என்னும் சீனச் சதுரங்கம் பழக அருமையான இடம்.

முதலில் மல்லிகைத் தேநீர் சொல்லுங்கள். மூடி, கிண்ணம், அடித்தட்டு என மூன்றாக வரும். மறுபடி வெந்நீர் வேண்டுமா? மூடியைத் திறந்து தட்டில் சாய்த்து வைத்தால் போதும், ஊற்றிவிடுவார்கள்.

அடுத்து பலகை. நெடுக்கே 9 கோடு, குறுக்கே 10. காய்களைக் கட்டத்துக்குள் வைக்காதீர்கள். கோடுகள் வெட்டும் புள்ளியில்தான் வைக்க வேண்டும். கடைசிக் கோட்டில் ஓரத்திலிருந்து தேர், குதிரை, யானை, காவலர், நடுவில் தளபதி. மறுபக்கமும் அதே வரிசை. குதிரைக்கு இரண்டு புள்ளி முன்னால் பீரங்கி. நான்காவது கோட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக 5 சிப்பாய்கள். சில காய்களுக்குச் சிவப்பிலும் கறுப்பிலும் வேறு எழுத்து இருக்கும். மிரளாமல் நிற்கும் இடத்தை வைத்து அடையாளம் காணுங்கள். சிவப்புதான் முதலில் ஆடும்.

நம் ஊர்ச் சதுரங்கப் பழக்கம் இங்கே காலை வாரும். நேராக ஓடுவது தேர். யானை மூலைவாட்டில் சரியாக இரண்டு புள்ளி போகும், பலகையின் நடுவே ‘ஆறு’ எனப்படும் இடைவெளியைத் தாண்டாது. இடைப்புள்ளியில் காய் இருந்தால் அசையாது. குதிரையும் தாவாது: முதலில் நேராக ஒரு புள்ளி, பிறகு மூலைவாட்டில் ஒன்று. அந்த முதல் புள்ளியில் காய் நின்றால் கால் கட்டுண்டது. தளபதியும் காவலரும் தங்கள் பக்கத்து நடுவிலுள்ள 9 புள்ளிச் சதுரமான அரண்மனையை விட்டு வெளியேற மாட்டார்கள். தளபதி நேராகவும் காவலர் மூலைவாட்டிலும் ஒவ்வொரு புள்ளி நகர்வர். சிப்பாய் முன்னே ஒரு புள்ளி போகும். ஆற்றைக் கடந்தபின் பக்கவாட்டிலும் போகலாம், பின்வாங்காது.

பீரங்கி தேர்போல ஓடும். ஆனால் வெட்ட, இடையில் சரியாக ஒரு காய் வேண்டும், யாருடையதானாலும் சரி. புதியவர்கள் முதல் நகர்விலேயே எதிர்க்குதிரையை வெட்டிவிடுவார்கள். எதிராளியின் ஓரத்துத் தேர் உடனே பீரங்கியை வெட்டும். அவர் தேருக்கு வழியும் திறந்துவிடும். அதற்குப் பதில் பீரங்கியை நடுக்கோட்டுக்கு நகர்த்துங்கள். எதிராளியின் நடுச்சிப்பாய்க்கு அது மிரட்டல். அவர் குதிரையை முன்னேற்றிக் காப்பார். காத்தபின் அந்தச் சிப்பாயை வெட்டினால் பீரங்கி போய்விடும்.

இரு தளபதிகளும் ஒரே கோட்டில், இடையில் காய் இல்லாமல், நேருக்கு நேர் நிற்கக்கூடாது. இடையிலுள்ள ஒற்றைக் காயைத் தவறி நகர்த்துவது அடிக்கடி நடக்கும் பிழை. நகர்த்த வழியில்லாமல் போனாலும் சமன் கிடையாது, தோல்விதான்.