கடவுச்சொல்லைச் சேமிக்காமலே சரிபார்ப்பது எப்படி? ஹாஷும் உப்பும்

கிளிநொச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தின் பதிவு மென்பொருளில் பிழை இருக்கிறது, பார்த்துத் தாருங்கள் என்றார்கள். தரவுத்தளத்தைத் திறந்தால், பிள்ளைகளின் கடவுச்சொற்கள் எல்லாம் அப்படியே வாசிக்கும்படி கிடந்தன. பலர் கைபேசி எண்ணையே கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, இப்போது உயிரோடில்லாத தன் அண்ணனின் பெயரை வைத்திருந்தா. அதை நான் வாசித்திருக்கவே கூடாது. அன்றிரவே திருத்தத் தொடங்கினேன்.

என்ன செய்தேன் என்பதை, நிரல் எழுதிப் பழகாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். ஒரு கொப்பியும் கைபேசியில் உள்ள கல்குலேட்டரும் போதும்.

படி 1: திரும்பாத கணக்கு

ஒடியலை இடித்தால் மா வரும். மாவிலிருந்து ஒடியல் வராது. ஹாஷ் அப்படியான ஒருவழிக் கணக்கு. 2583 என்பது உங்கள் இரகசிய எண் என்று வையுங்கள். அதை அதாலேயே பெருக்குங்கள்: 6671889. முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்து எட்டு இலக்கமாக்கி, நடுவிலுள்ள நான்கை எடுங்கள்: 6718. பதிவேட்டில் இதை மட்டும் எழுதுங்கள். நாளைக்கு நீங்கள் 2583 என்று தட்டினால், கணினி அதே கணக்கைச் செய்து 6718 வருகிறதா என்று பார்க்கும். 2583 எங்கேயும் எழுதப்படவில்லை.

இது விளங்கிக்கொள்வதற்கான விளையாட்டுக் கணக்குத்தான். எஸ்எச்ஏ-256 என்ற உண்மையான ஹாஷ் முறையில் ஓர் எழுத்தைக் கொடுத்தாலும் ஒரு புத்தகத்தையே கொடுத்தாலும் 64 குறிகள்தான் வரும். ஓர் எழுத்து மாறினால் விடை அடியோடு மாறிவிடும்.

படி 2: உப்புப் போடுதல்

இரண்டு பேர் 2583 ஐயே தெரிவு செய்தால் இருவருக்கும் 6718. ஒருவருடையது பிடிபட்டால் மற்றவருடையதும் பிடிபட்டது. அதைவிட, பலரும் வைக்கும் சொற்களுக்கு முன்கூட்டியே விடைப்பட்டியல் செய்துவைத்த திருடனுக்கு எல்லோருக்கும் அந்த ஒரே பட்டியல் போதும். 2012 இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து வெளியான சுமார் 65 இலட்சம் ஹாஷ்கள் இப்படித்தான்: எஸ்எச்ஏ-1 என்ற ஹாஷ் முறையில், உப்பில்லாமல் செய்தவை.

ஆகவே, பதியும்போதே ஆளுக்கொரு எழுந்தமான எண்ணைக் கொடுங்கள். இதுதான் உப்பு. முதலாமவருக்கு 1046: 2583 உடன் கூட்டினால் 3629, அதை அதாலேயே பெருக்கினால் 13169641, நடு நான்கு 1696. அடுத்தவருக்கு 2210: கூட்டினால் 4793, பெருக்கினால் 22972849, நடு நான்கு 9728. இரகசியம் ஒன்றுதான், விடை வேறு. ஆனையிறவு உப்பு எல்லா வீட்டுக் கறிக்கும் ஒன்று. இந்த உப்பு ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும்.

உப்பை ஒளித்துவைக்கத் தேவையில்லை, விடைக்குப் பக்கத்திலேயே எழுதலாம். அதன் வேலை மறைப்பதல்ல. திருடனை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கணக்குப் பார்க்க வைப்பது. யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கடவுச்சொற்கள் பற்றி 1979 இல் மோரிசும் தோம்சனும் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. அப்போது 4096 விதமான உப்புகள்தான்.

படி 3: வேகத்தைக் குறைத்தல்

பலர் தவறவிடும் இடம் இதுதான். இலங்கையில் எங்கள் கைபேசி எண்கள் 07 இல் தொடங்கும். மீதி 8 இலக்கம், அதாவது 10 கோடி வாய்ப்பு. நல்ல கிராபிக்ஸ் அட்டை ஒன்று எம்டி5 என்ற பழைய ஹாஷ் கணக்கை நொடிக்குப் பல நூறு கோடி தடவை செய்யும். உப்பு இருந்தாலும் ஓர் ஆளின் எண் ஒரு நொடிக்குள் அகப்பட்டுவிடும். கணக்கு ஒன்றுக்குக் கால் நொடி எடுக்கும்படி செய்தால், அதே 10 கோடிக்கு ஒரு கணினி ஏறத்தாழ 290 நாள் ஓட வேண்டும். உள்நுழையும் உங்களுக்கோ கால் நொடி தெரியவே தெரியாது.

இப்படி வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட ஹாஷ் முறைதான் பீகிரிப்ட். 1999 இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காக நீல்ஸ் புரோவோசும் டேவிட் மாசியேரும் வெளியிட்டது. 2015 இல் கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கன்2 நினைவகத்தையும் நிறையக் கேட்கும்.

படி 4: சொந்தமாகச் செய்ய வேண்டாம்

பிஎச்பி என்ற நிரல்மொழியில் ‘பாஸ்வேட் ஹாஷ்’ என்ற பங்ஷன் 2013 இலிருந்தே உண்டு. உப்பையும் அதுவே போட்டுக்கொள்ளும். பீகிரிப்ட் என்றால் 60 குறிகள் வரும்: முதல் 7 இல் வகையும் மெதுவாக்கும் அளவும், அடுத்த 22 உப்பு, கடைசி 31 விடை. மெதுவாக்கும் அளவை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். சரிபார்க்க ‘பாஸ்வேட் வெரிஃபை’.

இவற்றின் நிரல் யாரும் வாசிக்கும்படி திறந்து கிடக்கிறதே, திருடனும் வாசிப்பானே என்று என்னிடம் கேட்பார்கள். வாசிக்கட்டும். இரகசியம் கணக்கு முறையில் இல்லை, உங்கள் சொல்லில் இருக்கிறது. முறையைப் பலர் பார்த்துக் குறை கண்டு திருத்தியதால்தான் அதை நம்புகிறேன்.

படி 5: தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்கு

தாராளமாக வையுங்கள், ஆனால் மென்பொருள் எழுதுபவர் இரண்டைக் கவனிக்க வேண்டும். பீகிரிப்ட் 72 பைட் (கணினி தரவை அளக்கும் சிறு அலகு) வரைதான் பார்க்கும். தமிழ் யுனிகோட் குறி ஒன்றுக்கு 3 பைட், எனவே 24 குறிகள். ‘வன்னி’ என்பதற்கே ஐந்து குறிகள் போய்விடும். மற்றது, ‘கொ’ என்பதை ஒரே கொம்புக்கால் குறியாலும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு இரண்டு. ஹாஷ் செய்யமுன், இரண்டையும் ஒரே விதமாக்கும் யுனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அந்த நிலையத்தில் எல்லாவற்றையும் ஹாஷாக மாற்றி, பழைய நிரலை முழுதாக நீக்கினேன். இனிக் கடவுச்சொல்லை மறந்தவருக்கு யாராலும் அதைச் சொல்ல முடியாது, புதியதுதான் வைக்கலாம். பிறகு அலுமாரியிலிருந்த காப்புப் பிரதிப் பென்டிரைவ்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். மூன்றில் பழைய பட்டியல் அப்படியே இருந்தது. அவற்றையும் அழித்தோம்.