பழைய சேத்தக்கின் சீட்டுக்கு ஒரு தாங்குகம்பி

பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் பெட்ரோல் மூடி நீண்ட சீட்டின் அடியில் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலையும் ஊற்ற வேண்டியிருப்பதால், ஒரு கை முழுநேரமும் தூக்கிய சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்க நேரிடுகிறது. இதற்குத் தாங்குகம்பி பொருத்துவதே நல்ல வழி என்பேன்.

முதலில் முன்பக்கக் கீலின் நட்டுகளைக் கழற்றிச் சீட்டைத் தனியே எடுத்து, வண்டியிலிருந்து தொலைவில் வைத்து வேலை செய்யுங்கள். டேங்கின் அருகே துளையிடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. காலி டேங்கில் தேங்கும் பெட்ரோல் ஆவியே தீப்பற்றப் போதுமானது. சீட்டின் அடித்தகட்டில், ஃபோமைக் குத்தாத குட்டையான போல்ட்டால், 6 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்றைச் சுழலும்படி மாட்டுங்கள். வண்டியின் விளிம்பில் ஊன்றும் அதன் நுனி பெயின்ட்டைக் கீறாதிருக்க ரப்பர் குழாயைச் செருகுங்கள். மடக்கிய கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப் அவசியம்.

பலர் செய்யாமல் விடும் சோதனை ஒன்று உண்டு. மடக்கிய கம்பி பெட்ரோல் மூடியில் இடிக்குமா என்று பார்ப்பதுதான் அது. மூடியின் மேல் களிமண் உருண்டையை வைத்துச் சீட்டை அழுத்தி மூடித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் தடிமன் இரண்டுக்கும் நடுவே எஞ்சியுள்ள இடைவெளியைக் காட்டும். இருவர் அமரும்போது சீட் இன்னும் தாழக்கூடும் என்பதால், அந்த இடைவெளி 1 செ.மீ.க்குக் குறைந்தால் கம்பியை இடம் மாற்றுங்கள்.