வேலூரில் சாவின் தடம்: கோட்டை, கல்லறை, நடுகல் பார்ப்பது எப்படி

வேலூர்க் கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, அகழி ஓரமாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் நடந்த அதே தரையில்தான் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்க் கலகத்தில் நூற்றுக்கணக்கான பேர் செத்துக் கிடந்தார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் போனால் அது வெறும் புல்தரை. அதனால் முதல் வேலை, தேதி வரிசையைத் தெரிந்துகொண்டு போவது. பேய்க்கதை கேட்கப் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம்தான் தரும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருவது நல்லது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். கோட்டை மதிலில் ஒண்ட நிழல் கிடையாது. வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ரயிலில் வந்தால் காட்பாடியில் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ் பிடித்தால் போதும், கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. காலை 7 மணிக்குள் உள்ளே இருங்கள். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலை முதலில் முடித்துவிடுவது உத்தமம்.

அந்தக் கோயிலும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்து, ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்ட இடம் அது. 1981-ல்தான் லிங்கம் சத்துவாச்சாரியிலிருந்து திரும்பி வந்தது. 'சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு' என்று ஊரைக் கிண்டல் செய்வார்களே, அதில் முதலாவது இப்போது பொருந்தாது.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் 1614-க்குப் போங்கள். விஜயநகர அரசர் வெங்கடபதி இறந்த பிறகு பட்டத்துக்கு வந்த ஸ்ரீரங்கனை, ஜக்கராயன் என்ற பிரபு இந்தக் கோட்டைக்குள் சிறைவைத்து, மனைவி மக்களோடு கொன்றான். ராமன் என்ற ஒரே ஒரு பிள்ளை மட்டும் தப்பினான். சலவைத் தொழிலாளி ஒருவர் துணிமூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுபோனதாகச் சொல்வார்கள். 'இந்த அறையில்தான் கொன்றார்கள்' என்று யாராவது கைகாட்டினால் தலையாட்டிவிட்டு நகருங்கள். திப்பு மகால், ஹைதர் மகால் என்ற பெயர்களெல்லாம் ஏறக்குறைய இருநூறு வருடம் பிந்தியவை. விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் போகிறது என்பதும் வெறும் கதைதான். தொல்லியல் துறை தேடிப் பார்த்தது, தடயம் கிடைக்கவில்லை.

1806 கலகத்துக்கு மதிலும் திடலும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். முந்தைய நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவுதான் பொறி: திருநீறு, நாமம் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த வட்டத்தொப்பி போட வேண்டும். விடிவதற்கு முன்னால், பாரக்கில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் மீது சிப்பாய்கள் சுட ஆரம்பித்தார்கள். தளபதி ஃபேன்கோர்ட் உட்பட 130 பேர் அளவில் மடிந்தார்கள். சுமார் 25 கி.மீ. தள்ளி ஆற்காட்டில் இருந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபோது, மதில் மேல் எஞ்சியிருந்த வெள்ளையர்கள் கயிறு விட்டு அவரை மேலே இழுத்துக்கொண்டார்கள். மதிலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அது எவ்வளவு உயரம் என்று புரியும். பீரங்கியால் கதவை உடைத்துப் படை உள்ளே வந்த பின் நடந்தது இன்னும் கொடூரம். பிடிபட்ட நூறு சிப்பாய்களைப் பந்தடித்து விளையாடும் சுவர் ஒன்றின் முன் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை நடத்தி ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், ஐந்து பேரைச் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். மொத்தம் எத்தனை சிப்பாய்கள் செத்தார்கள் என்ற கணக்கு 350-லிருந்து 800 வரை நூலுக்கு நூல் மாறும்.

மதில் மேல் ஏறும்போது செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். மழை பெய்த மறுநாள் கல் வழுக்கும். கொத்தளத்து மூலைகளில் தேன்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், அங்கே புகை பிடிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ட்ரைபாட், ட்ரோன் இரண்டுக்கும் முன் அனுமதி வேண்டும். சுவரில் பெயர் கிறுக்கினால் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கோட்டைக்கு வெளியே பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கலகத்தில் இறந்த வெள்ளையருக்கான நினைவுச்சின்னம் அங்கேதான். கதவு பூட்டியிருந்தால் சுவர் ஏறிக் குதிக்காதீர்கள், பக்கத்தில் விசாரியுங்கள். புல் மண்டியிருந்தால் தடியால் தரையைத் தட்டிக்கொண்டு நடங்கள், பாம்பு விலகும். எழுத்து தேய்ந்த கல்லில் சாக்பீஸ் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கல்லின் மேல்தோல் உரிந்துவிடும், அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. மொபைல் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் பிடியுங்கள். நேராக அடித்தால் வெறும் வெள்ளைதான் தெரியும், சாய்வாக அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும். வெயில் உச்சிக்கு வருமுன் போனால் டார்ச்சும் தேவைப்படாது.

இந்தத் தோட்டம் ஒரு தரப்பின் சாவை மட்டும்தான் சொல்லும். சிப்பாய்களுக்கான நினைவுத்தூண் மக்கான் சந்திப்பில் இருக்கிறது, 1998-ல்தான் எழுப்பினார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்காவிட்டால் வந்ததில் பாதி வீண்.

மாலையில் ஆட்டோ பிடித்துப் பாலாற்றங்கரை முத்து மண்டபம் போங்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்து 1832-ல் இறந்தார், அவர் சமாதி அங்கே. இடம் அமைதியாக இருக்கும். ஆனால் 1814-ல் தன் மந்திரியாக இருந்த எகலப்பொலவின் பிள்ளைகளின் தலையை வெட்டி, தாயையே உரலில் இடிக்கவைத்தார் என்று இதே அரசரைப் பற்றிக் கண்டியில் சொல்வார்கள். அதையும் தெரிந்துகொண்டு நின்றால் மண்டபம் வேறு மாதிரி தோன்றும். இதே கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு குடும்பத்தாரின், அவர் மனைவி பாதுஷா பேகம் உட்பட, கல்லறைகள் கோட்டையிலிருந்து சுமார் ஒரு கி.மீ. தூரத்தில்தான். தலையை மூடிக்கொண்டு, அங்கிருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் பழைய வடஆற்காட்டின் தென்கோடிக்கு, திருவண்ணாமலை வழியாகச் செங்கம் போகலாம். பல்லவர் கால நடுகற்கள் வயல்வெளியிலேயே நிற்கின்றன. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவர்களுக்கு நட்டவை இவற்றில் பல. வில்லும் வாளும் பிடித்த உருவத்தின் உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, காலடியில் மாடு இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறை, கடைசியில் 'பட்டான்' என்று வந்தால் செத்தான் என்று பொருள். எடுத்தனூர்க் கல்லில் எருமைகளைக் காத்துச் செத்தவனோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயைப் பற்றித் தனியாக எழுத்தும் உண்டு.

இக்கற்களில் பல இன்று வேடியப்பன் என்ற ஊர்த் தெய்வம். பொங்கல் வைத்து, எண்ணெய் மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். எழுத்து தெரியவேண்டும் என்று அந்த எண்ணெய்ப் பூச்சைச் சுரண்டினால் ஊரே திரண்டுவிடும், அது நியாயமும்கூட. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்று படம் எடுங்கள். நாற்று நட்டிருந்தால் வரப்பை விட்டு இறங்கவேண்டாம். கற்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிக்கிடப்பதால் பஸ்ஸை நம்பினால் இரண்டு கல்லோடு பொழுது போய்விடும். திருவண்ணாமலையிலேயே வண்டி பேசிக்கொள்ளுங்கள், இரண்டு லிட்டர் தண்ணீரும் மதியச் சாப்பாடும் கையோடு இருக்கட்டும்.