காரின் ஏசிக்கு கேஸ் ஏற்றும் முன்: வாக்குவம் போடும் முறை

கம்ப்ரஸரை மாற்றினாலும், ஒரேயொரு ஓ-ரிங்கை மாற்றினாலும், ஏசியின் குழாயைத் திறந்துவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிடும், கூடவே ஈரமும். புது கேஸ் ஏற்றும் முன் இரண்டையும் வெளியேற்றுவதைத்தான் பட்டறைகளில் ‘வாக்குவம் போடுவது’ என்கிறார்கள். காற்று சில நிமிடங்களில் போய்விடும். அடம்பிடிப்பது ஈரம்தான்.

ஈரம் தங்கினால் கேஸை விரியவிட்டுக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். ஏசி கொஞ்ச நேரம் குளிரும், நிற்கும், மறுபடி குளிரும். போதாததற்கு கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும்.

தேவையானவை: வாக்குவம் பம்ப், மேனிஃபோல்ட் கேஜ் (இரண்டு அழுத்தமானிகளும் இரண்டு வால்வுகளும் நீலம், சிவப்பு, மஞ்சள் ஹோஸ்களும் கொண்ட கருவி), கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. இங்கே சொல்வதெல்லாம் ஆர்-134ஏ கேஸ் உள்ள கார்களுக்கு. பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் வகையும் எத்தனை கிராம் என்பதும் இருக்கும். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: உள்ளே பழைய கேஸ் இருக்கிறதா?

நீல ஹோஸை ஏசியின் லோ (அழுத்தம் குறைந்த) பக்கமும் சிவப்பு ஹோஸை ஹை (அழுத்தம் கூடிய) பக்கமும் மாட்டுங்கள். இரண்டு இணைப்பிகளின் அளவும் வேறு என்பதால் மாற்றி மாட்ட முடியாது. கேஜின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கட்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போது 30 டிகிரி வெயிலில் முள் 95 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவில் நின்றால் உள்ளே திரவ கேஸ் இன்னும் இருக்கிறது. அதைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. கையில் பட்டால் தோல் உறைந்துவிடும். மீட்பு இயந்திரம் உள்ள பட்டறையில் இறக்கிக்கொண்டு வாருங்கள். முள் பூஜ்யத்தில் நின்றால் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஒழுக்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் வாக்குவம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் வேலை.

பம்பை ஓட்டுவது

பம்பின் ஆயிலைக் கண்ணாடித் துளை வழியே பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் ஏற்கெனவே ஈரம் குடித்த ஆயில், மாற்றிவிடுங்கள். மஞ்சள் ஹோஸைப் பம்பில் மாட்டி, பம்பை ஓடவிட்டு, இரண்டு வால்வுகளையும் திறங்கள். நீல கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, சில நிமிடங்களில் 29 அங்குலத்தை (வாக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள்) நெருங்கும்.

புதியவர்கள் இங்கேதான் பம்பை நிறுத்துகிறார்கள். நானும் ஒருமுறை பத்தே நிமிடத்தில் நிறுத்திவிட்டு கேஸ் ஏற்றினேன். இரண்டாம் வாரமே ஏசி மேலே சொன்ன கண்ணாமூச்சியை ஆடத் தொடங்கியது.

தண்ணீரை உறிஞ்சி எடுக்க முடியாது, கொதிக்கவைத்து ஆவியாக்கித்தான் எடுக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறைய கொதிநிலையும் குறையும். கடல்மட்டத்தில் முள் 28 அங்குலம் காட்டும்போது தண்ணீர் சுமார் 38 டிகிரியில் கொதிக்கும்; 29 காட்டும்போது 26 டிகிரியே போதும். சென்னை வெயிலில் நிற்கும் காருக்கு இது தானாகவே நடக்கும். மழைநாளானால் கூடுதல் நேரம் கொடுங்கள். ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே காற்றழுத்தமே குறைவு என்பதால் முழு வாக்குவத்திலும் முள் 23 அங்குலத்தைத் தாண்டாது. பம்பைத் திட்ட வேண்டாம்.

குறைந்தது 45 நிமிடம் ஓடட்டும். குழாய் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாகப் போட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஓட்டுங்கள்.

நிறுத்தும் வரிசை

முதலில் கேஜின் இரண்டு வால்வுகளையும் இறுக மூடுங்கள். அதன் பிறகுதான் பம்பை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் வெளிக்காற்று பம்ப் வழியே திரும்ப ஏறும். சில பம்புகளில் அதன் ஆயிலும் கூடவே வரும்.

இனி அரை மணி நேரம் காத்திருங்கள். முள் அசையாவிட்டால் நல்லது. சுமார் ஒரு அங்குலம் தளர்ந்து அங்கேயே நின்றுவிட்டால், மிஞ்சிய ஈரமோ ஆயிலில் கரைந்திருந்த கேஸோ ஆவியாகியிருக்கிறது. மீண்டும் பம்பை ஓட்டுங்கள். நிற்காமல் பூஜ்யத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் ஒழுக்கு. பெரும்பாலும் ஹோஸின் இணைப்பில்தான் இருக்கும், முதலில் அதைச் சோதியுங்கள்.

முள் அசையவில்லை என்பதற்காக ஒழுக்கே இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வாக்குவத்தில் குழாயின் மேல் விழும் அழுத்தம் 15 பிஎஸ்ஐக்கும் குறைவு. ஏசி ஓடும்போது ஹை பக்கத்தில் 200ஐத் தாண்டும். சந்தேகம் இருந்தால் வாக்குவத்துக்கு முன்பே ரெகுலேட்டர் வைத்து உலர் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது உத்தமம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. விரட்டிய ஈரத்தை நாமே திரும்ப அழைத்துக்கொள்வதாகிவிடும்.

எல்லாம் சரியென்றால் மஞ்சள் ஹோஸைப் பம்பிலிருந்து கழற்றி கேஸ் டப்பாவில் மாட்டுங்கள். கழற்றிய அந்த நொடியில் ஹோஸுக்குள் காற்று புகுந்திருக்கும். டப்பாவைத் திறந்து, கேஜ் பக்கத்து முனையை ஒரு நொடி தளர்த்தி, ‘உஸ்’ என்று சத்தம் வந்ததும் இறுக்குங்கள். பிறகு இன்ஜினை ஓட்டாமலேயே நீல வால்வை மெல்லத் திறந்தால், முதல் கேஸை வாக்குவமே உள்ளே இழுத்துக்கொள்ளும்.